டீத்தூள் சக்கையை எங்கே போடுவது?

பொழுது விடிந்தால் டீ. வேலைக்கு நடுவே டீ. விருந்தாளி வந்தால் டீ. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் டீக்கடை இல்லாத ஊரைப் பார்ப்பது அரிது.

டீயைக் குடித்து விடுகிறோம். வடிகட்டியில் சக்கை நிற்கிறது. அதை என்ன செய்கிறோம்?

வடிகட்டியைத் தட்டுகிறோம். சக்கை சாக்கடையில் விழும். அல்லது வாசலுக்கு வெளியே விழும். அத்தோடு அதை மறந்து விடுகிறோம்.

சக்கைதானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் அது போய்ச் சேரும் இடம் முக்கியம். சாக்கடைக்குப் போனால் அடைக்கும். தெருவுக்குப் போனால் ஈ மொய்க்கும். ஏமாற்று வியாபாரியின் கைக்குப் போனால் நம் டீயிலேயே திரும்பி வரும். மண்ணுக்குப் போனால் உரமாகும்.

சக்கை ஒன்றுதான். போகும் வழிகள் நான்கு. எந்த வழியில் அனுப்புவது என்பது நம் கையில் இருக்கிறது.

எவ்வளவு சக்கை சேருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு டீ. மொத்தம் 8 டீ. ஒரு டீக்கு 2 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 16 கிராம். 30 நாளைக்கு 480 கிராம். ஏறக்குறைய அரை கிலோ.

ஒரு டீக்கடையில் நாளொன்றுக்கு 300 டீ போடுகிறார்கள் என்றால் 600 கிராம் தூள் ஆகும். ஒரு மாதத்துக்கு 18 கிலோ.

தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீரில் கரைகிறது. மீதி சக்கையாக நின்று விடுகிறது. அந்தச் சக்கையும் தண்ணீரைக் குடித்து ஊதிக் கிடக்கிறது. அதனால் போட்ட தூளை விட, வந்த சக்கையின் எடை அதிகம்.

நாடு முழுவதும் எவ்வளவு இருக்கும்? 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 139 கோடி கிலோ தேயிலைத் தூள் உற்பத்தி ஆனது. அசாம், மேற்கு வங்காளம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களில்தான் இது பெரும்பாலும் விளைகிறது. விளைவதில் ஐந்தில் நான்கு பங்கு அளவை நாமே குடித்து விடுகிறோம். வெளிநாட்டுக்குப் போவது கொஞ்சம்தான். அப்படியானால் சக்கையும் நம் ஊர்களில்தான் விழுகிறது.

சாக்கடையில் போட்டால்

டீத்தூள் சக்கை தண்ணீரில் கரையாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் போகும். தொட்டிக்கு அடியில் குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் சக்கை தங்கும். பாலின் கொழுப்பும், சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு சேரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படும். ஒரு நாள் தண்ணீர் இறங்காது. பிறகு குழாயைக் கழற்ற ஆள் தேட வேண்டும். கூலி கொடுக்க வேண்டும்.

வெளியே திறந்த சாக்கடையிலும் இதே கதைதான். சக்கை அடியில் படிகிறது. மேலே பிளாஸ்டிக் பை, காகிதம், இலை எல்லாம் வந்து தடுக்கின்றன. தண்ணீர் ஓடாமல் தேங்குகிறது. தேங்கிய அழுக்குத் தண்ணீரில் கியூலெக்ஸ் என்னும் கொசு முட்டையிடும். யானைக்கால் நோயைப் பரப்புவது இந்தக் கொசுதான்.

சாக்கடை அடைப்பதற்கு டீத்தூள் மட்டும் காரணம் இல்லை. ஆனால் தினமும் நாம் போடும் ஒரு பிடியும் அதில் சேர்கிறது.

தெருவில் கொட்டினால்

நாம் டீயில் பாலும் சர்க்கரையும் சேர்க்கிறோம். அதனால் சக்கையிலும் பாலும் இனிப்பும் ஒட்டியிருக்கும். எறும்பு வரும். ஈ வரும். சில மணி நேரத்தில் புளித்த வாடை அடிக்கும்.

ஈ ஒரு தடவைக்கு 100 முட்டை வரை இடும். ஈரமாக அழுகிக் கிடக்கும் குப்பைதான் அதற்குப் பிடித்த இடம். வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் முட்டை ஈயாகி விடும். அந்த ஈ குப்பையிலும் உட்காரும். நம் சோற்றிலும் உட்காரும். வயிற்றுப்போக்கு இப்படித்தான் வருகிறது.

பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் சரியாகி விடுமா? ஆகாது. உள்ளே காற்று இல்லை. சக்கை அழுகி நாற்றம் எடுக்கும். நாய் பையைக் கிழிக்கும். கருப்புத் தண்ணீர் ஒழுகும். அதைக் கையால் அள்ளுபவர் துப்புரவுத் தொழிலாளி. அவரும் நம்மைப் போல மனிதர்தான்.

சக்கையை விலைக்குக் கேட்டால்

"சக்கையைச் சும்மா கொட்டுகிறீர்களே, எங்களுக்குக் கொடுங்கள். காசு தருகிறோம்" என்று டீக்கடைக்கு யாராவது வரலாம். எதற்கு என்று கேளுங்கள்.

உரத்துக்கு என்றால் நல்லது. ஆனால் எல்லாரும் உரத்துக்கு வாங்குவதில்லை. சிலர் சக்கையை வெயிலில் காய வைக்கிறார்கள். சாயம் ஏற்றுகிறார்கள். நல்ல தூளோடு கலந்து விற்கிறார்கள். அதில் சத்தும் இல்லை, மணமும் இல்லை. சாயத்தின் நிறம் மட்டும் இருக்கும். அந்தச் சாயம் உடம்புக்கு ஆகாது.

இது சட்டப்படி குற்றம். உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954ஆம் ஆண்டு வந்தது. பிறகு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 2011ஆம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. கலப்படம் செய்பவருக்கும் விற்பவருக்கும் தண்டனை உண்டு.

வாங்கிய டீத்தூளில் சாயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

1. மை ஒற்றும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள்.
2. அதன் மேல் கொஞ்சம் டீத்தூளைத் தூவுங்கள்.
3. தாள் நனையும்படி பச்சைத் தண்ணீரைத் தெளியுங்கள்.
4. பிறகு தாளைக் குழாய்த் தண்ணீரில் காட்டித் தூளைக் கழுவி விடுங்கள்.
5. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நல்ல தூள் என்றால் தாளில் கறை இராது. சாயம் ஏற்றிய தூள் உடனே கறை விடும். சந்தேகம் வந்தால் அந்தத் தூளைக் கொட்டி விடாதீர்கள். பொட்டலத்தோடு எடுத்து வையுங்கள். உங்கள் மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

கடைக்காரர்கள் ஒரு வேலை செய்யலாம். சக்கையை வெளியே அனுப்பும் முன் ஒரு பிடி மண்ணைப் போட்டுக் கிளறி விடுங்கள். உரத்துக்கு மண் கெடுதல் இல்லை. ஆனால் மண் கலந்த சக்கையை யாரும் டீத்தூளாக மாற்ற முடியாது.

அழுக்கு இல்லாமல் எடுத்து வைப்பது எப்படி?

சக்கையால் வரும் அழுக்குக்குக் காரணம் மூன்று. ஒன்று பால். இரண்டு சர்க்கரை. மூன்று ஈரம். இந்த மூன்றையும் போக்கி விட்டால் வேலை சுலபம்.

வடிகட்டியில் சக்கை இருக்கும்போதே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். பாலும் சர்க்கரையும் போய் விடும். வடிந்த தண்ணீரில் சக்கை இல்லை. அதனால் அதைச் சாக்கடையில் விடலாம்.

பிறகு கரண்டியால் சக்கையை அழுத்துங்கள். தண்ணீர் வடியட்டும். அதை ஒரு மண்சட்டியில் தட்டுங்கள். சட்டியை ஒரு தட்டால் மூடி வையுங்கள். ஈ வராது. மண்சட்டி ஈரத்தை இழுத்துக் கொள்ளும். சட்டி இல்லாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பா போதும்.

ஒரு நாளுக்கு மேல் சட்டியில் வைக்காதீர்கள். அன்றைய சக்கையை அன்றே உரக்குழிக்கோ உரத் தொட்டிக்கோ அனுப்பி விடுங்கள்.

மண்ணுக்குப் போனால்

தேயிலைச் செடி மண்ணிலிருந்து எடுத்த சத்து இலையில் இருக்கிறது. டீ போட்ட பிறகும் பெரும் பகுதி சக்கையில் தங்குகிறது. காய்ந்த சக்கையில் 100க்கு ஏறக்குறைய 4 பங்கு தழைச்சத்து உண்டு. பயிர் பச்சைப் பசேல் என்று வளரத் தேவையான சத்து இதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சக்கையில் துவர்ப்பு இருக்கிறது. பச்சையாக நிறையப் போட்டால் இளஞ்செடிக்கு ஆகாது. விதை முளைக்கத் தடையாகும். மேலே குவித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மக்க வைத்துத்தான் போட வேண்டும்.

மக்க வைக்கப் பெரிய இடம் வேண்டாம். ஒரு பழைய வாளி போதும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். காற்று போக வேண்டும், தண்ணீர் வடிய வேண்டும். அடியில் காய்ந்த இலைச் சருகைப் பரப்புங்கள். அதன் மேல் சக்கை. அதன் மேல் மறுபடியும் சருகு. ஒரு பங்கு சக்கைக்கு இரண்டு மூன்று பங்கு சருகு வேண்டும். மேலே ஒரு பிடி மண் தூவுங்கள். காய்கறித் தோலையும் சேர்க்கலாம்.

நான்கு நாளுக்கு ஒரு முறை குச்சியால் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். சருகு போடுங்கள். உதிர்ந்து போனால் ஈரம் குறைவு. தண்ணீர் தெளியுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாகப் பொலபொலவென்று ஆகி விடும். மழை பெய்த மண்ணைப் போல மணக்கும். அப்போது ரோஜாவுக்குப் போடலாம். கத்தரி, மிளகாய், முருங்கைக்கும் போடலாம். காசு கொடுக்காமல் கிடைத்த உரம்!

நூல் கட்டிய டீ பை

சில இடங்களில் டீத்தூளைச் சிறு பையில் அடைத்துத் தருவார்கள். இதை டீ பேக் என்பார்கள். பையில் ஒரு நூல் தொங்கும். நூலின் நுனியில் ஒரு சீட்டு இருக்கும். ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களில் வெந்நீரோடு இதைத் தருவதுண்டு. அலுவலகங்களிலும் விடுதிகளிலும் பார்க்கலாம். அங்கே துப்புரவு வேலை செய்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. மேசையில் கறை. தரையில் சொட்டு. கை கழுவும் தொட்டியில் அடைப்பு.

தொல்லை இல்லாமல் இருக்க வழி உண்டு. பையைக் கோப்பைக்கு உள்ளேயே கரண்டியால் அழுத்துங்கள். சொட்டு நின்ற பிறகு எடுங்கள். மேசையில் வைக்காமல் ஒரு தட்டில் வையுங்கள். கை கழுவும் தொட்டியிலும் கழிப்பறையிலும் போடாதீர்கள். ரயில் ஜன்னல் வழியாக எறியாதீர்கள்.

இந்தப் பையை அப்படியே உரத் தொட்டியில் போடக் கூடாது. முதலில் நூலையும் சீட்டையும் பிய்த்து எடுங்கள். இரும்புப் பின் இருந்தால் அதையும் எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். உரம் கிளறும் கையில் பின் குத்தக் கூடாது அல்லவா? பிறகு பையைக் கிழித்துச் சக்கையைத் தொட்டியில் கொட்டுங்கள்.

பையைத் தொட்டுப் பாருங்கள். சல்லடை போலப் பளபளவென்று இருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக் வகை. மக்காது. உலர்ந்த குப்பையில் சேருங்கள். காகிதப் பை மக்கும். ஆனால் காகிதப் பையை ஒட்டுவதற்கும் பிளாஸ்டிக் இழை கலப்பது உண்டு. மூன்று மாதம் கழித்தும் வலை போல ஏதாவது மிஞ்சியிருந்தால் பொறுக்கி எடுத்து விடுங்கள்.

டீக்கடையில் என்ன செய்யலாம்?

கடையில் இரண்டு வாளி வையுங்கள். ஒன்று சக்கைக்கு மட்டும். அதில் காகிதக் கோப்பை போடக் கூடாது. காகிதக் கோப்பைக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அது மக்காது. இன்னொரு வாளி கோப்பைக்கு.

வீட்டிலும் கடையிலும் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைக் கட்டாயம் ஆக்கின. சக்கை மக்கும் குப்பை. அதைத் தனியாகக் கொடுத்தால் உரமாகும். எல்லாவற்றையும் கலந்து கொடுத்தால் மலை போலக் குவிந்து நாறும்.

பக்கத்தில் தோட்டம் போடுபவர் இருந்தால் அவருக்கே கொடுத்து விடலாம். பள்ளிக்கூடத் தோட்டத்துக்கும் கொடுக்கலாம்.

நாளைக் காலை டீ போட்டதும் வடிகட்டியைத் தட்டப் போவீர்கள். தட்டும் முன் ஒரு நொடி நில்லுங்கள். ஒரு குவளைத் தண்ணீர், ஒரு சட்டி, ஒரு பிடி மண். வேண்டியது இவ்வளவுதான்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு டீத்தூள் வாங்குகிறீர்கள்? கணக்கிட்டு எழுதுங்கள்.
2. உங்கள் தெருச் சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது? அதில் என்னென்ன கிடக்கின்றன?
3. பக்கத்து டீக்கடையின் சக்கை எங்கே போகிறது? கேட்டுப் பாருங்கள்.
4. உங்கள் பகுதியில் சக்கையை உரமாக்க யார் யார் சேர்ந்து என்ன செய்யலாம்?