முதல் படி தண்ணீருக்குள் இருக்கட்டும்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான், ஆனால் பாதிக் காப்புதான். தவறி விழுந்தவரை அது மிதக்க வைக்கும், படகுக்குள் ஏற்றிவிடாது. பிலிகுண்டுலுவைத் தாண்டி வரும் காவிரியானாலும் சரி, ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையிலும் கிருஷ்ணகிரி அணையிலும் தேங்கி நிற்கும் தென்பெண்ணையானாலும் சரி, விழுந்தவர் தன் முயற்சியில் திரும்ப ஏற வழியில்லாத படகைப் பாதுகாப்பான படகு என்று சொல்ல முடியாது.

நீச்சல் தெரிந்தவர் விளிம்பைப் பிடித்து எம்பி ஏறிவிட மாட்டாரா என்று கேட்கலாம். அங்கேதான் ஆர்க்கிமிடீஸ் விதி குறுக்கே வருகிறது. கழுத்துவரை நீரில் இருப்பவரின் எடையைப் பெரும்பாலும் நீரே தாங்குகிறது. உடம்பில் ஒவ்வொரு லிட்டர் அளவு மேலே எழும்போதும் ஏறக்குறைய ஒரு கிலோ கைகளுக்கு மாறுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் இடுப்புவரை எழும்பினால் 30 கிலோவுக்கு மேல் கைகளில் தொங்கும். நீருக்குள் பாரமே தெரியாத சேலையும் பேண்ட்டும் வெளியே வந்ததும், உறிஞ்சிய தண்ணீரின் எடையோடு கீழே இழுக்கும். நெஞ்சில் புடைத்திருக்கும் லைஃப் ஜாக்கெட் விளிம்பில் முட்டும். கால்களோ ஊன்ற இடமின்றிப் படகின் அடிப்பக்கம் போய்விடும். நம் உடம்பின் வலுவான தசைகள் தொடையில் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை கொடுக்க ஒரு படி வேண்டும்.

கடலோடும் பாய்மரப் படகுகளின் பின்புறத்தில் மடக்கு ஏணி பொருத்துவது இதற்காகத்தான். அதன் கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே 22 அங்குலமாவது, அதாவது சுமார் 56 செ.மீ., இறங்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் படகுத் தொழிலின் தரநிலை. முழங்காலை நெஞ்சுவரை மடக்காமல் கால் வைக்க அந்த ஆழம் தேவை. மேலே இருப்பவர் உதவி இல்லாமல், நீரில் கிடப்பவரே ஏணியை இழுத்து இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். நூலேணி மலிவுதான், ஆனால் மிதித்ததும் படகுக்கு அடியில் ஓடிவிடும். ஆள் மல்லாந்து தொங்குவார். பொருத்தும் விதமும் முக்கியம். மெல்லிய ஃபைபர் தட்டில் வெறும் ஸ்குரு முடுக்கினால், ஒருவர் திடீரென எடை போட்டு ஏறும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஊடுருவிச் செல்லும் போல்ட்டும், சுமையைப் பரப்ப உட்புறம் ஒரு தகடும், துளை வழியாக நீர் கசியாமல் சீலண்ட்டும் வேண்டும். வெறுங்காலுக்கு உருண்டைக் கம்பி வலிக்கும். தட்டையான படியே நல்லது.

பரிசலுக்கு இது ஒத்துவருமா? மூங்கில் பின்னலுக்குள் போல்ட் போட முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். பரிசலின் அடி 2 மீட்டர் விட்டமுள்ள தட்டை என்று வைத்துக்கொண்டால், ஆட்களும் பரிசலுமாக 350 கிலோ இருந்தாலும் 11 செ.மீ. ஆழமே அமிழும். பாறைகளின் மேல் அது வழுக்கிப் போவதும் அதனால்தான். அங்கே எப்போதும் தொங்கும் ஏணி பாறையில் சிக்கி ஆபத்தையே கூட்டும். உள்ளிருப்பவர்கள் கைகொடுத்துத் தூக்கலாமே என்றால், இரண்டு பேர் ஒரே பக்கம் குனிந்ததும் தாழ்வான விளிம்பு நீரைத் தொட்டுவிடும். ஆகவே பரிசலுக்கு வேறு ஏற்பாடு: குறுக்குச் சட்டத்தில் கட்டி உள்ளேயே சுருட்டி வைத்த, கால் நுழையும் அகலமுள்ள கயிற்று வளையம். வேகம் தணிந்த நீரில் அதை வெளியே விட வேண்டும். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எடையைச் சமன் செய்ய வேண்டும். வளையமும் கொஞ்சம் உள்ளே ஓடத்தான் செய்யும். ஆனாலும் விளிம்பு தாழ்வாக இருப்பதால் ஒரே மிதியில் உடம்பு உள்ளே சரிந்துவிடும்.

அணை நீரில் ஓடும் ஃபைபர் படகுகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கு எஸ்.எஸ். பைப்பை வளைப்பதும் ஆர்கான் வெல்டிங் செய்வதும் அன்றாட வேலை. கடலுக்கு 316 ரகம் தேவைப்படலாம். நன்னீருக்குப் பொதுவாக 304 ரகம் போதும். செலவு கூடும் என்பவர்கள், ஆளைக் காக்க ஜாக்கெட் வாங்கிய அதே கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும். படகுக்கு அனுமதி தரும் அதிகாரிகள் ஜாக்கெட்டுகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஜாக்கெட் மாட்டிய ஒருவரை நீரில் இறக்கித் தானாக ஏறச் சொல்லிப் பார்க்கட்டும். ஏற முடியாத படகுக்கு அனுமதி கிடையாது என்று ஒரே ஒரு விதி வந்தால், ஏணியின் வடிவத்தைப் பட்டறைக்காரர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.