தொட்டால் தோஷம்

ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஸ்டான்லி கோப்பையை வெல்லாதவன் அதில் கைவைக்கக் கூடாது. முந்தைய படியிலும் இதே விரதம்தான். வட அமெரிக்க ஹாக்கி லீகான என்.எச்.எல். போட்டியில் கிழக்குப் பிரிவை வென்றால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பை, மேற்கை வென்றால் கேம்பெல் கிண்ணம். அவற்றைத் தொட்டால் ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்றில் தோல்வி என்று பயம். கேப்டன்கள் பலர் பக்கத்தில் நின்று படத்துக்கு முகம் காட்டிவிட்டு, தொடாமலே நகர்ந்துவிடுவார்கள்.

கேட்டால் பரம்பரை வழக்கம் என்பார்கள். அந்தக் காலத்தில் இந்த மடி ஆசாரமெல்லாம் எங்கே இருந்தது? கனடாவின் கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு 1892இல் அறிவித்த வெள்ளிக் கிண்ணம்தான் ஸ்டான்லி கோப்பை. 1905இல் ஒட்டாவா ஆட்டக்காரர் ஒருவர் அதை ரிடோ கால்வாய்க்குள் உதைத்துத் தள்ளினாராம். 1924இல் மான்ட்ரியல் அணியினர் பஞ்சரான டயரை மாற்றிவிட்டு, கோப்பையைச் சாலையோரத்திலேயே மறந்து போனார்களாம். பாதி கலப்படமாகவே இருக்கட்டும். பூஜையறைப் பொருளைப் பற்றி இப்படிக் கதை கட்ட யாருக்கும் தோன்றாது.

1940இல் வென்ற நியூயார்க் ரேஞ்சர்ஸ் முதலாளிகள், அரங்கின் அடமானக் கடன் தீர்ந்த சந்தோஷத்தில் பத்திரத்தைக் கோப்பைக்குள் போட்டே கொளுத்தினார்கள். அடுத்த வெற்றிக்கு 54 ஆண்டுகள் ஆயின. சாபம் என்ற பேச்சு எழாமல் இருக்குமா? எதிரணி ரசிகர்கள் "1940" என்று கத்தியே வெறுப்பேற்றினார்கள்.

இன்றைய விரதத்தைப் பரீட்சித்துப் பார்த்தவர் பிட்ஸ்பர்க் கேப்டன் சிட்னி கிராஸ்பி. 2008இல் வேல்ஸ் கோப்பையைத் தொடவில்லை, டெட்ராய்ட்டிடம் தோற்றார். 2009இல் தூக்கினார், அதே டெட்ராய்ட்டை வென்றார். இதைப் பகுத்தறிவு என்று நினைத்துவிட வேண்டாம். சகுனத்தைத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான். 2018இல் வாஷிங்டன் கேப்டன் ஒவெச்கினும் தொட்டு வென்றார். சிகாகோவின் ஜோனதன் டேவ்ஸோ 2010இல் தொடாமலே வென்றவர். வென்றவர் செய்ததெல்லாம் சாஸ்திரமாகிவிடுகிறது.

வென்ற பிறகு மட்டும் ஆசாரம் பறந்துவிடும். 1995 முதல் வென்ற அணியின் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் கோப்பை சொந்தம். வெள்ளைக் கையுறைக் காவலரும் கூடவே வருவார். 1996இல் வென்ற அணியின் ஆட்டக்காரர் சில்வைன் லெஃபெவ்ர் தன் மகளுக்கு அதில்தான் ஞானஸ்நானம் செய்வித்தார்.

இத்தனை பயபக்தியும் ஒரு நகலுக்குத்தான். ஸ்டான்லி பிரபு தந்த அசல் கிண்ணம் நைந்துபோய், டொரன்டோ ஹாக்கி அருங்காட்சியகத்தில் ஓய்வெடுக்கிறது. ஆட்டக்காரர்கள் தொட அஞ்சும் கோப்பையின் உச்சியில் இருப்பது 1960களில் செய்த மாற்றுக் கிண்ணம்.