25 ரூபாய் கேட்டு வரும் பார்சல் செய்தி



உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லாததால் இரண்டு முறை வந்தும் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். இப்படி இந்தியா போஸ்ட் பெயரில், கீழே ஒரு லிங்க்குடன், உங்கள் கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ செய்தி வந்திருக்கும். இனியும் வரும். 2024-ல் இது நாடு முழுக்கப் பரவியபோது, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இது போலி என்று அறிவித்தது. முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி அஞ்சல் துறை இப்படிச் செய்தி அனுப்புவதில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

படித்தவர்களும் இதில் ஏமாறக் காரணம் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் வரை நம் வீடுகளில் ஏதாவது ஒரு பார்சல் எப்போதும் வழியில்தான் இருக்கிறது. பெருநாளைக்கு ஆன்லைனில் எடுத்த துணி, பிள்ளையின் புத்தகம், சவுதியிலோ துபாயிலோ இருக்கும் மகன் போட்டுவிட்ட கார்கோ பெட்டி. செய்தி அனுப்புகிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்புகிறான். அவர்களில் அன்று பார்சலுக்காகக் காத்திருப்பவர், ‘நம்முடையதுதான் போல’ என்று தொட்டுவிடுகிறார். (வளைகுடாவிலிருந்து வரும் கார்கோ பெட்டியைப் பெரும்பாலும் தனியார் ஏஜென்சிதான் கொண்டுவருகிறது. அதற்கு இந்தியா போஸ்ட் ஏன் செய்தி அனுப்ப வேண்டும்?)

லிங்க்கைத் தொட்டால் அஞ்சல் துறையின் தளம் போலவே, அதே சின்னத்தோடும் நிறத்தோடும், ஒரு பக்கம் திறக்கும். பெயரும் முகவரியும் கேட்கும். பிறகு மறுபடி கொண்டுவர 25 ரூபாய் கட்டணம் என்று சொல்லும். 25 ரூபாய்தானே, போனால் போகட்டும் என்று கார்டு எண்ணைத் தட்டுகிறோம். அவனுக்கு அந்த 25 ரூபாய் தேவையில்லை. கார்டு எண், முடியும் தேதி, பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்கம், கடைசியில் ஓடிபி, இவைதான் தேவை. மகள் கல்யாணத்துக்கோ ஹஜ்ஜுக்கோ சேர்த்த பணம் போக இந்த நான்கு போதும்.

ஆகவே ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் அந்தச் செய்தி முழுவதையும் படியுங்கள். எவ்வளவு தொகைக்கு, எதற்கு என்பது பொதுவாக அதிலேயே இருக்கும். பக்கத்தில் 25 ரூபாய் என்றும் ஓடிபி செய்தியில் பல ஆயிரம் என்றும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆன்லைன் கடைகள் டெலிவரிக்காக அனுப்பும் ஓடிபி வேறு. அதைப் பொருள் கைக்கு வந்த பிறகு, வாசலில் நிற்கும் ஆளிடம் மட்டும் சொன்னால் போதும். போனில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பார்சல் உண்மையா என்று அறிய லிங்க் தேவையே இல்லை. அனுப்பியவரிடம் டிராக்கிங் எண்ணைக் கேளுங்கள். ஸ்பீடு போஸ்ட் எண் 13 இடம் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஐ’, ‘என்’ என்ற இரண்டு எழுத்து. அஞ்சல் துறையின் தளத்தை நீங்களே திறந்து அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தளத்தின் முகவரி ‘ஜி-ஓ-வி டாட் இன்’ என்று முடியும். நடுவில் ‘இந்தியாபோஸ்ட்’ என்று இருந்து, முடிவு வேறாக இருந்தால் அது போலி. மின்னஞ்சலில் மேலே தெரியும் பெயரை நம்பாமல், அதைத் தொட்டு, அனுப்பிய முகவரியை முழுதாகப் பாருங்கள். இதெல்லாம் சிரமம் என்றால் உங்கள் தபால்காரரைக் கேளுங்கள், அவரைவிட நல்ல ஆதாரம் இல்லை. வெளிநாட்டுத் தபாலுக்குச் சுங்க வரி இருந்தாலும், பொதுவாக அதைப் பொருளை வாங்கும்போது அவரிடமே கட்டுகிறோம்.

இதைவிடப் பயங்கரமான வகை போனில் வருகிறது. ஃபெடெக்ஸ் போன்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, உங்கள் ஆதாரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்பார்கள். பிறகு வீடியோவில் போலீஸ் உடையில் ஒருவன் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்பான். யாரிடமும் சொல்லாதே என்று மணிக்கணக்கில் பிடித்து வைப்பான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். போலீஸ், வழக்கு என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் நடுங்கிப்போவது அவனுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு மகனையோ பக்கத்து வீட்டாரையோ கூப்பிடுங்கள்.

பணம் போய்விட்டால் பலரும் முதலில் செய்வது மறைப்பதுதான். அத்தா திட்டுவார், கணவருக்குத் தெரிந்தால் என்னவாகும், மஹல்லாவில் சிரிப்பார்கள். அந்தத் தயக்கத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். 1930 என்ற எண்ணில் உடனே சொன்னால், அந்தந்த வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை முடக்க முடியும். நாடு முழுவதற்கும் ஒரே எண்; எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டாம். கூடவே வங்கிக்கும் போன் செய்து கார்டை முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்கி, நேரத்தோடு எழுதி வையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லும் வரையிலான நஷ்டம் நம்முடையது. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. தேசிய சைபர் கிரைம் தளத்திலும் எழுத்துமூலம் புகார் பதிய வேண்டும். பதியத் தெரியாதவர்கள் செய்தி இருக்கும் கைபேசியையும் வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பெண்கள் தயங்காமல் வீட்டாருடன் வரலாம். யாருடைய பெயரும் வெளியே போகாது.