பூக்காம்பில் இரண்டு இலை

அமெரிக்கப் புல்வெளிகளில் எங்கும் படர்ந்து கிடக்கும் வெள்ளைக் குளோவர் அந்த மண்ணில் பிறந்ததல்ல. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்த தீவனச் செடி அது. நம் ஊட்டிப் புல்தரைகளிலும் அதைப் பார்க்கலாம். அதே மாதிரி மூன்று சிற்றிலையும் வெண்பூக்கொத்துமாக அமெரிக்காவுக்கே உரிய செடி ஒன்று உண்டு. பெயர் ரன்னிங் பஃபலோ குளோவர். கென்டக்கி, ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா பக்கம், அரை நிழல் விழும் காட்டோரங்களிலும் பழைய தடங்களிலும் முளைக்கும். காட்டெருமைக் கூட்டங்கள் மிதித்தும் மேய்ந்தும் திறந்துவிட்ட இடங்களில் பெருகிய செடி என்பதால் இந்தப் பெயர் வந்தது. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது, 1980களில் மேற்கு வர்ஜீனியாவில் மறுபடி கிடைத்தது. 1987-இல் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்து, 2021-இல் அதிலிருந்து விடுபட்டது. இத்தனை அரிய செடியை அதன் சாயலுள்ள சாதாரணச் செடியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

பலரும் முதலில் பார்ப்பது இலையில் உள்ள வெள்ளைக் கோட்டை. வெள்ளைக் குளோவரின் சிற்றிலைகளில் வெளிறிய வளைகோடு ஒன்று ஓடும். ரன்னிங் பஃபலோவில் அது இருக்காது. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது என்பேன். வெள்ளைக் குளோவரிலேயே கோடில்லாத செடிகள் தாராளமாக உண்டு. கோடு இருந்தால் அது நாம் தேடும் செடியல்ல என்று ஒதுக்கலாம். இல்லையென்றால் எதுவும் முடிவாகாது. பூவின் நிறமும் துணைக்கு வராது, இரண்டும் வெள்ளைதான். தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும் தண்டும் இரண்டுக்கும் பொது. தீர்ப்புச் சொல்வது பூக்காம்புதான். வெள்ளைக் குளோவரில் இலைக்காம்பும் பூக்காம்பும் தரையில் ஓடும் தண்டிலிருந்து தனித்தனியாகக் கிளம்பும்; பூக்காம்பை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவினால் வழியில் ஓர் இலைகூடத் தட்டுப்படாது. ரன்னிங் பஃபலோவிலோ பூவைத் தாங்குவது நிமிர்ந்த ஒரு தண்டு. அதன் உச்சியில், பூக்கொத்துக்குச் சற்றுக் கீழே, மும்மூன்று சிற்றிலை கொண்ட பெரிய இலைகள் இரண்டு எதிரெதிரே விரிந்திருக்கும். பூ, இலை என்று தனித்தனியே பார்ப்பதைவிட இரண்டும் எங்கே சேர்கின்றன என்று பார்ப்பதே சரியான வழி.

வசந்த காலத்தில் சில வாரம் மட்டுமே பூக்கும் செடிக்கு இந்த அடையாளம் எப்படி உதவும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூ இல்லாதபோது இலைக்காம்பின் அடியில் உள்ள இலையடிச் செதிலைப் பார்க்க வேண்டும்: ரன்னிங் பஃபலோவில் அது அகலமாக, பச்சையாக, குட்டி இலை போலவே இருக்கும், வெள்ளைக் குளோவரில் சிறுத்து, சவ்வுபோல் மெலிந்திருக்கும். அதிலும் ஐயம் தீரவில்லையென்றால் பூக்கும்வரை பொறுப்பதுதான் நேர்மை. எந்தக் குளோவராக இருந்தால் என்ன என்று சிலர் கேட்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காட்டெருமைகள் போன பிறகு இந்தச் செடிக்கு வெளிச்சம் கிடைப்பது பெரும்பாலும் மனிதர் மரம் கழிப்பதாலும் புல் வெட்டுவதாலும்தான். எப்போது வெட்டுகிறோம் என்பதில்தான் அதன் பிழைப்பு இருக்கிறது. களையென்று எண்ணி, விதை முற்றும் முன்பே வெட்டிவிட்டால் அந்த ஆண்டு மண்ணில் புது விதை விழாது.