நூற்றுக்கணக்கில் மலர்கள், எதை வாங்குவது?

மராத்தியில் ‘திவாளி அங்க்’ எனப்படும் தீபாவளி மலர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வெளிவருகின்றன. பெரிய பத்திரிகை நிறுவனங்கள் போடுபவை அவற்றில் ஒரு பகுதிதான். வருடத்தில் ஒரே ஒரு இதழுக்காக நண்பர்கள் சிலர் கூடி, கைக்காசு போட்டு, தெரிந்தவர்களிடம் விளம்பரம் கேட்டுக் கொண்டுவரும் மலர்களும் ஏராளம். ஒரு மலரின் விலையே சில நூறு ரூபாய் வரும். புனேயின் அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளில் இவை அடுக்கிக் கிடக்கும்போது, எதை எடுப்பது என்று தெரியாமல் வாசகர் திணறுவது இயல்பு. தனக்கு முன்பே படித்துவிட்ட இன்னொரு வாசகரின் சொல் அங்கேதான் தேவைப்படுகிறது.

இந்த மரபுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. காசிநாத் ரகுநாத் மித்ர நடத்திய ‘மனோரஞ்சன்’ 1909இல் மும்பையில் வெளியிட்டதே முதல் தீபாவளி மலர் என்று கொள்ளப்படுகிறது. பிறகு புனேயும் இதில் பெரிய மையமானது. அனந்த் அந்தர்கரின் ‘ஹன்ஸ்’, ‘மோஹினி’, ‘நவல்’ ஆகிய மூன்றும் மூன்று வகை ரசனைக்கு ஆனவை. ஹன்ஸ் இலக்கியம் தேடுவோருக்கு, மோஹினி நகைச்சுவைக்கு, நவல் விசித்திரமும் மர்மமும் நிறைந்த கதைகளுக்கு. நவல் வாசகர் எதிர்பார்ப்பதை ஹன்ஸில் தேடிவிட்டு ஏமாற்றம் என்று எழுதினால் அது மதிப்புரை ஆகாது. ஓர் இதழ் எதைத் தர முனைந்ததோ அதில் எவ்வளவு தேறியது என்பதுதான் முதல் கேள்வி.

மும்பையின் ‘ஆவாஸ்’ நகைச்சுவை மலரை எடுத்துக்கொள்ளலாம். அதன் ‘ஜன்னல் படங்கள்’ புகழ்பெற்றவை. பக்கத்தில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருக்கும். அந்த ஓட்டை வழியே அடுத்த பக்கத்துப் படத்தின் ஒரு பகுதி மட்டும் தெரிந்து, பார்ப்பவரை ஏதோ விவகாரமாக நினைக்க வைக்கும். தாளைப் புரட்டினால் விஷயம் ஒன்றுமில்லாத வேறொன்றாக இருக்கும். இதற்கு மதிப்பெண் போடுபவர் ஓவியரின் கற்பனையைப் பார்ப்பதோடு நிற்க முடியாது. வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா, அச்சும் பைண்டிங்கும் விலகாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும்.

தீபாவளியை ஒட்டி மராத்தி நாளிதழ்கள் வந்துசேர்ந்த மலர்களைப் பற்றிச் சிறு குறிப்புகள் வெளியிடுகின்றன. ஆசிரியர் யார், சிறப்புப் பகுதி எது, யார் யார் எழுதியிருக்கிறார்கள், விலை என்ன என்பவை அவற்றில் இருக்கும். பயனுள்ள தகவல்தான். ஆனால் பெரும்பாலும் அது வரவேற்புரையாகவே நின்றுவிடுகிறது. எந்தக் கதை நடுவில் தொய்கிறது, எந்தப் பேட்டி படித்தே ஆகவேண்டியது என்று சொல்லும் துணிவு அரிது. 1906இல் புனேயில் தொடங்கப்பட்ட மகாராஷ்டிர சாகித்ய பரிஷத் தீபாவளி மலர்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு தருகிறது. நூலகங்களின் வழி வேறு. ஒரு தொகை கட்டினால் உறுப்பினர் சில மாதங்களுக்கு மலர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சென்று படிக்கலாம். எந்த மலர் அலமாரிக்குத் திரும்பியதும் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது என்பதைப் பார்த்தாலே வாசகரின் தீர்ப்பு தெரிந்துவிடும்.

ரசிகர்களே நடத்தும் இதழ்களை ரசிகர்களே எடைபோடும் பழக்கம் அமெரிக்க அறிவியல் புனைகதை உலகில் நன்கு வேரூன்றியது. 1930இல் வந்த ‘தி காமெட்’ அத்தகைய முதல் இதழாகக் கருதப்படுகிறது. 1955 முதல் ஹ்யூகோ விருதுகளில் ரசிகர் இதழுக்கும் இடம் கிடைத்தது. ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் கதை எழுதத் தொடங்கியபோது, 1967இல் ‘ஸ்பாக்கனேலியா’ வந்தது. இத்தகைய இதழ்களைப் பெரும்பாலும் தபாலில் பணம் அனுப்பித்தான் வாங்கவேண்டும். புரட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் மதிப்புரையாளர் பக்க எண்ணிக்கை, அச்சின் தெளிவு, கதையின் போக்கு எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது. எழுதியவரும் விமர்சிப்பவரும் ஒரே சிறு வட்டத்தில் பழகுபவர்கள் என்பது இதில் உள்ள பெரிய சங்கடம். சம்பளமில்லாமல் உழைத்தவரின் மனம் நோகக்கூடாது, பணம் கட்டியவரும் ஏமாறக்கூடாது. இந்த இரண்டில் இரண்டாவதற்கே முன்னுரிமை தரவேண்டும். காரணத்தோடு குறை சொன்னால் எழுதியவருக்கும் அது உதவும்.

பெயரைப் பார்த்து மதிப்பெண் போடும் கோளாறுக்கு மராத்தியிலேயே ஒரு மாற்று உண்டு. 1974இல் மராத்தி விஞ்ஞான் பரிஷத் நடத்திய அறிவியல் கதைப் போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில் ஒரு கதை வந்தது. கருந்துளை பற்றிய அந்தக் கதை முதல் பரிசு பெற்றது. எழுதியவர் வானியற்பியல் அறிஞர் ஜயந்த் விஷ்ணு நார்லீகர். தன் புகழ் நடுவர்களைச் சாய்த்துவிடக் கூடாது என்று தன் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப்போட்டுப் புனைபெயர் வைத்திருந்தார். பின்னாளில் புனேயில் ஐயுகா ஆய்வு மையத்தை நிறுவிய அவர், மராத்தி அறிவியல் புனைகதையின் முன்னோடிகளில் ஒருவராகவும் ஆனார்.

இதழ்களில் வருவதை வாசகரே படித்து எடைபோடும் வழக்கத்துக்குத் தமிழில் நெருக்கமான முன்மாதிரி, 1970இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு. மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அப்படி வந்த பன்னிரண்டிலிருந்து ஆண்டின் சிறந்த கதை தேர்வாகி, தொகுப்பு நூலும் வெளிவரும். தேர்ந்தெடுப்பவர் மாறிக்கொண்டே இருப்பதால் ஒருவரின் ரசனையே சட்டமாகிவிடுவதில்லை. தமிழ்த் தீபாவளி மலர்களுக்கும் இதே கவனம் கிடைக்கவேண்டும். ஊர் நூலகங்களின் வாசகர் வட்டங்கள் இந்தத் தீபாவளிக்கே ஆளுக்கொரு மலரை எடுத்து முழுதாகப் படித்து, கதை, கட்டுரை, ஓவியம், மெய்ப்பு என்று தனித்தனியே மதிப்பெண் இட்டு, காரணத்தையும் ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தொடங்கலாம்.