இதயத் தசையும் இருபத்தைந்து எழுத்துகளும்

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டில் நடந்தது. காலடியில் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கியவர்களில் பரதவரும் இருந்தனர், நம்மவர்களும் இருந்தனர். முகம் நீரில் அமிழ்ந்து மூச்சு நின்றதும் இதயம் தன் துடிப்பைத் தானே தணித்துக்கொள்ளும். அத்தகைய இதயங்களின் வழிவந்த ஊர்களில்தான், "நன்றாகத்தானே இருந்தார், திடீரென மௌத்தாகிவிட்டார்" என்ற பேச்சையும் கேட்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவை இரத்தக்குழாய் அடைப்பால் நேர்பவை. ஆனால் எல்லாமே அப்படியல்ல. சில, தசையிலேயே பிறப்போடு வந்த பிழையின் விளைவுகள்.

இதயத் தசையின் ஒவ்வொரு உயிரணுவிலும் மையோசின், ஆக்டின் என்னும் இருவகைப் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. அந்த இழுப்பே துடிப்பு. மையோசின் வரம்பு மீறி இழுக்காதபடி கடிவாளம் போல் நிற்பது 'மையோசின் பிணைப்புப் புரதம் சி'. இதனை ஆக்கும் மரபணு பதினொன்றாம் குரோமோசோமில் உள்ளது. கடிவாளம் தளர்ந்தால் தசை ஓய்வின்றி இழுத்துத் தடித்துப்போகலாம். சிலரிடம் நாளடைவில் தளர்ந்து விரிந்தும் போகலாம்.

2009ஆம் ஆண்டில் இம்மரபணுவைப் பற்றிய முக்கியமான ஆய்வொன்று 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வெளிவந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் பிறரும் அதனை எழுதினர். மரபணுவில் புரதத்துக்குச் சேராத ஓர் இடைப்பகுதியில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். அது விடுபட்டால் செய்தியை வெட்டி ஒட்டும் வேலை தடுமாறுகிறது. அடுத்துள்ள துண்டு ஒன்று தவறிப்போய், புரதத்தின் வால் மாறிவிடுகிறது. இழையில் பற்றிக்கொள்ள வேண்டியது அந்த வால்தான்.

தெற்காசியரில் ஏறக்குறைய நூற்றுக்கு நால்வரிடம் இவ்விடுபாடு உண்டு என்றும், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் அது காணப்படுகிறது என்றும் அவ்வாய்வு கூறியது. இதயத்தசை நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என்பதே அன்று பரபரப்பான செய்தி.

அச்செய்தியை அப்படியே பற்றிக்கொள்வது பிழை. இவ்விடுபாட்டைத் தாங்கிய மிகப் பலர் நோயின்றி வாழ்கின்றனர். 2020இல் வெளியான மறு ஆய்வு இதற்கு விடை கண்டது. 25 எழுத்து விடுபாட்டோடு ஒட்டிப் பயணிக்கும் வேறோர் அரிய மாற்றம் சிலரிடம் உள்ளது. புரதத்தைப் பாதியில் முறிப்பது அதுவே. ஆபத்தின் பெரும்பங்கு அதனுடையது. அது இல்லாத தனி விடுபாடு, ஒரே பிரதியாக இருக்கும்போது, அத்தனை அஞ்சத்தக்கதன்று. கூட்டத்தில் குற்றவாளியோடு நின்றவன்மீதும் பழி விழுந்தது போன்ற கதைதான்.

எனினும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் விடுபாட்டைப் பெற்றவரின் நிலை வேறு; இளவயதிலேயே கடும் நோய்க்கு ஆளானோர் அவர்களில் உண்டு. இங்கே நம் உறவுமுறைத் திருமணங்கள் கவனத்துக்கு வருகின்றன. நூற்றுக்கு நான்கு என்ற அளவையே கொண்டு கணக்கிட்டால், உறவில்லாத இருவரின் குழந்தைக்கு இரட்டைப் பிரதி வரும் வாய்ப்பு 2,500இல் ஒன்று. சாச்சா மகள், மாமா மகள் போன்றோரை மணந்தவரின் குழந்தைக்கு அது ஏறக்குறைய 600இல் ஒன்றாகிறது. ஷரீஅத் அனுமதித்த ஒன்றை மருத்துவத்தின் பேரால் விலக்கச் சொல்லவில்லை. அனுமதி வேறு, கட்டாயம் வேறு என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். குடும்பத்தில் இளவயது மரணம் நேர்ந்திருக்குமானால் பெண் பார்க்கும் முன்பே அதைப் பேசுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அத்தகைய வீட்டில் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்ப்பது முதல் வேலை. மரபணுச் சோதனையை அதன் பின்னர் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். ஒருமுறை குறையில்லை என்று வந்துவிட்டால் போதாது. இந்நோய் நடுவயதில் தலைகாட்டுவதும் உண்டாகையால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.