மின்கலம் இல்லாத பயணச்சீட்டு

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்திலிருந்து, சென்னை கிண்டியிலுள்ள சிறுவர் பூங்காவைக் காண ஒரு மாணவன் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு மூன்று பயணச்சீட்டுகள் தேவைப்படும்.

பொன்னேரி வரை பேருந்து. நடத்துனரே சீட்டுக் கொடுத்துவிடுவார். பொன்னேரியில் சாளரத்தில் சீட்டு வாங்கிப் புறநகர் மின்தொடரில் ஏறினால், சென்னை சென்ட்ரலை அடுத்துள்ள மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கலாம். பரிசோதகர் கேட்கக் கூடுமாதலால், நிலையத்தை விட்டு வெளியேறும்வரை சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, பூமிக்கடியில் உள்ள மெட்ரோ இரயில். அது வேறு நிறுவனம். பொன்னேரியில் வாங்கிய சீட்டு அங்கே செல்லாது.

மெட்ரோ நிலையத்தில் நம் மாணவன் சற்றுத் திகைத்து நிற்கிறான். எதிரே மூடிய வாயில். முன்னால் போனவர் ஓர் அட்டையை அருகே காட்டினார், கதவு திறந்தது. கட்டணம் எப்படிக் கழிந்தது? அட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு சில்லும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளுமே இருக்கும். மின்கலம் கிடையாது. பின் சில்லுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

விடை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மாறுகின்ற காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். வாயிலில் உள்ள கருவியிலும் ஒரு சுருள் உண்டு. அதில் பாயும் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 13.56 மெகா ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 1,35,60,000 அலைவுகள். அதனால் எழும் காந்தப் புலம் அட்டையின் சுருளை ஊடுருவி, சில்லை இயக்கப் போதுமான மின்சாரத்தை உண்டாக்குகிறது. பாய்மரப் படகு காற்றிலிருந்து விசையைப் பெறுவதுபோல, அட்டை புலத்திலிருந்து ஆற்றலைப் பெறுகிறது. சில சென்டிமீட்டர் விலகினாலே புலம் வலுவிழந்துவிடும். ஆகவேதான் அட்டையை அருகே கொண்டுபோகிறோம்.

சரி, அட்டை எப்படிப் பதில் சொல்கிறது? வலைக்கயிற்றின் ஒரு முனையை நீங்கள் இழுக்கிறீர்கள். மறுமுனையில் இருப்பவர் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் பிடித்தால் உங்கள் கைக்குத் தெரியுமல்லவா? அவ்வாறே சில்லு தன் சுருளின் மின்பளுவைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த மாற்றத்தை வாயிற்கருவி உணர்ந்து, செய்தியாகப் படித்துக்கொள்கிறது.

உள்ளே போகும்போது ஏறிய நிலையம் அட்டையில் பதிவாகிறது. வெளியே வரும்போது தொலைவுக்கேற்ற கட்டணம் கழிகிறது. ஆகையால் இரு வாயில்களிலும் ஒரே அட்டையைக் காட்ட வேண்டும். ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. அட்டை இல்லாதவர்கள் சாளரத்தில் ஒரு பயணத்துக்கு மட்டும் சீட்டு வாங்கலாம்.

இரண்டு அட்டைகளைச் சேர்த்துக் காட்டினால்? இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் செய்தி குழம்பும். பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியில் யார், எங்கே, என்று வலையிடுவது என்பதை 'பாடு' முறையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள் அல்லவா? அதுபோல, அட்டைகளை அவற்றின் எண்ணைக் கொண்டு பிரித்து, ஒவ்வொன்றாக அழைக்கும் ஏற்பாடு இக்கருவிகளுக்கும் உண்டு. என்றாலும் பணம் கழியும் இடத்தில் ஓர் அட்டையை மட்டும் காட்டுவதே நல்லது.

இன்னொன்று. அட்டையை எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டுவிட்டு வாயிலில் காட்டாதீர்கள். உலோகத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டம் புலத்தை எதிர்க்கும்; கதவு திறக்காது.

2023-ல் மெட்ரோவில் அறிமுகமான 'சிங்கார சென்னை' அட்டையை 2025 முதல் மாநகரப் பேருந்துகளிலும் பயன்படுத்தலாம். ஆகவே ஊருக்குப் புதியவன் என்று தயங்க வேண்டாம். அன்றாடம் அவ்வாயிலைக் கடப்பவர்களில் பலர் அறியாத ஒன்றை, கோட்டைக்குப்பத்து மாணவன் இப்போது அறிந்திருக்கிறான்.